பழைய டபுள் பார் சைக்கிளில் மோட்டார்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

கொடுவாய்க்கு என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தினமும் பால் ஊற்றப் போன சைக்கிள் அது. 24 இஞ்ச் ஃபிரேம், டபுள் பார், அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். அவர் போன பிறகு மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் பல வருஷம் சாய்ந்தே கிடந்தது. அதை எடுத்துத் துரு தேய்த்து, முன் சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) ஒன்றைப் போட்டு மூன்று வருஷமாக ஓட்டி வருகிறேன். அதைப் பார்த்துப் பல்லடம், பொங்கலூர், காங்கயம் பக்கம் இன்னும் ஏழெட்டுப் பேர் வீட்டில் கிடந்த பழைய சைக்கிளை எடுத்துக் கட்டினார்கள். கோளாறு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கையால் தொட்டுப் பார்த்தவற்றை, வண்டி காட்டும் அறிகுறியை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில் மோட்டார் என்றால் எல்லாருக்கும் ஒரு துணிச்சல் உண்டு. இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937இல் கோயமுத்தூரில்தான் செய்யப்பட்டது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது. இன்றைக்கும் தெருவுக்கு ஒரு காயில் கட்டும் கடை இருக்கிறது. அதனாலேயே சைக்கிள் நின்றால் முதல் கை மோட்டாருக்குத்தான் போகிறது. நான் பார்த்த வரை மோட்டார் கெட்டது இரண்டே தடவை. மற்றதெல்லாம் பழைய இரும்பும் புது மின்சாரமும் சேருகிற இடத்தில் வந்த கோளாறு: ஃபோர்க் காடி (முன் அச்சு உட்காரும் பிளவு), பிரேக் கம்பி, காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு பிடிக்கும் ஆப்பு), லக் (ஃபிரேம் குழாய்கள் சேரும் மூட்டு) ஓரம். அதனால் எந்த அறிகுறிக்கும் முதலில் இரும்பைப் பாருங்கள், அப்புறம் ஒயரைப் பாருங்கள், கடைசியில் மோட்டாரைப் பாருங்கள்.

கிணற்று மோட்டாரைப் பார்க்கிற மாதிரி 230 வோல்ட் சீரியல் பல்பை (கரண்டோடு தொடராக ஒரு பல்பை மாட்டிய சோதனை வயர்) வைத்து ஹப் மோட்டாரைச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே, மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்ல, ஹால் சென்சார் என்று மூன்று சின்னஞ்சிறு சில்லுகள் இருக்கின்றன. 5 வோல்ட்டில் வேலை செய்பவை. சீரியல் பல்பு பட்ட நொடியில் போய்விடும். நான் சொன்ன அந்த இரண்டு மோட்டாரில் ஒன்று இப்படித்தான் போனது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், அச்சு நட்டுக்கு 18 மி.மீ. ஸ்பேனர், காட்டர் பின்னுக்குச் சுத்தியல், ஒரு டார்ச். சில எண்களையும் மனதில் வையுங்கள். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாக ஏறினால் 42 வோல்ட் காட்டும். 31 பக்கம் இறங்கினால் கன்ட்ரோலர் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தானே நிறுத்திவிடும். ஹப் மோட்டாரின் முன் அச்சுக்கு ஃபோர்க் அகலம் 100 மி.மீ. வேண்டும், பழைய சைக்கிளில் அது 95ஐ எட்டாது, என்னுடையதில் 92 இருந்தது. மோட்டார் அச்சு 12 மி.மீ., இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்குத் தட்டையாகச் சீவியது. பழைய ஃபோர்க் காடியோ 8 மி.மீ. அச்சுக்கு வெட்டியது. மோட்டாரில் போக்ஸ் கம்பித் துளை 36. பழைய ரிம்மில் முன்னால் 32, பின்னால் 40. இந்தப் பொருந்தாத எண்களில் இருந்துதான் பாதிக் கோளாறு பிறக்கிறது.

ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் டிஸ்ப்ளே எரிகிறது

பிரேக்கைப் பாருங்கள். வயரைத் தொடவே வேண்டாம்.

பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வைக்கிறோம். புது சைக்கிள் என்றால் அது லீவருக்குள்ளேயே வரும். நம்முடையது கம்பி பிரேக், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுப்பது. அந்த லீவரை இதில் மாட்ட முடியாது. அதனால் ஹெட்டில் (ஹேண்டில் நுழையும் குழாயில்) இருந்து இறங்கும் செங்குத்துக் கம்பியில் ஒரு காந்தத்தையும், பக்கத்தில் ஃபிரேமில் சென்சாரையும் கட்டுகிறோம். கம்பி மேலே ஏறினால் மோட்டார் நிற்கும், இறங்கினால் ஓடும்.

நாற்பது வருஷத்துப் பிரேக்கில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மூட்டுகளில் துரு இருக்கும். பிரேக்கை விட்டாலும் கம்பி முழுதாக இறங்காமல் ரெண்டு மில்லிமீட்டர் மேலேயே நிற்கும். பிரேக் கட்டை ரிம்மில் உரசாததால் நமக்குத் தெரியாது. சென்சாருக்குத் தெரியும், பிரேக் பிடித்திருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கம்பியைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். மோட்டார் ஓடினால் கோளாறு அங்கேதான். மூட்டுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றுங்கள். காந்தத்தை நாலைந்து மில்லிமீட்டர் தள்ளிக் கட்டுவதும் உதவும். எனக்கு வரும் பத்துப் போனில் நாலு இதுதான்.

அதுவும் இல்லை என்றால் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது ஓடினால் சென்சார் போயிருக்கிறது. சோதனைக்காகக் கழற்றியதை அப்படியே விட்டு ஓட்ட வேண்டாம். கம்பி பிரேக்குக்கு ஏற்கனவே பிடி குறைவு, மோட்டாரோடு அது மல்லுக்கட்டக் கூடாது.

இன்னும் ஓடவில்லை என்றால் ஆக்சிலேட்டரின் மூன்று வயரையும் மீட்டரில் பாருங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சிக்னல் வயரில் சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட் பக்கம், முழுதாகத் திருகினால் 3.5க்கு மேல். சிக்னல் ஏறவே இல்லை என்றால் ஆக்சிலேட்டரை மாற்றுங்கள், விலை பெரிதில்லை. சிவப்பிலேயே 5 வோல்ட் வரவில்லை என்றால், கன்ட்ரோலரில் இருந்து ஹால் வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது 5 வந்தால் மோட்டார் கேபிளுக்குள் எங்கோ வயர் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். "தடதட" என்ற பகுதிக்குப் போங்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது டிஸ்ப்ளே அணைந்து அணைந்து எரிகிறது

இது கம்பி பிரேக் சைக்கிளுக்கே உரிய கோளாறு. புது மாடல் ஓட்டுபவர்களுக்கு வராது. ஹெட் முன்னால் பிரேக் கம்பிகள் சேரும் கொக்கிக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அதில் வயரைக் கட்டியிருந்தால், ஹேண்டிலை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் கொக்கி வயரை நசுக்கும். வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

வயரைக் கொக்கியின் பக்கமே விடாதீர்கள். ஹெட்டின் பின்பக்கம், பாருக்கு அடியில், ஒரு சாண் அளவு தளர்வாக வளைத்து விட்டுக் கட்டுங்கள். லக் ஓரங்களும் கூர்மையானவை. வயர் லக்கைக் கடக்கும் இடத்தில் பழைய டியூபை ஒரு துண்டு வெட்டிச் சுற்றினால் போதும்.

கிளம்பும்போது தடதடவென்று உதறுகிறது, இழுக்கவில்லை

இதை அவசரமாகப் படிக்க வேண்டாம். இந்த அறிகுறி வந்தால் அதோடு வண்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

உதறலுக்கு நேரடிக் காரணம், மூன்று தடித்த வயரில் ஒன்றோ ஐந்து மெல்லிய ஹால் வயரில் ஒன்றோ அறுந்திருப்பது. கேள்வி, ஏன் அறுந்தது என்பது. கேபிள் அச்சின் வழியாகத்தான் மோட்டாருக்குள் போகிறது. அச்சு அசையாமல் இருக்கும் வரை கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. அச்சு காடிக்குள் சுழன்றால் கேபிள் முறுக்கி, நட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அறுந்துவிடும்.

எனக்கு முதல் மாதமே நடந்தது. சென்னிமலை ரோட்டில் ஒரு மேட்டில் கிளம்பினேன். 'டக்'கென்று ஒரு சத்தம், பிறகு உதறல். மோட்டார் போய்விட்டது என்று நினைத்து, உருட்டிக்கொண்டே ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. குந்த வைத்து உட்கார்ந்து ஃபோர்க் நுனியை விரலால் தடவினார். "மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. காடிதான் வாயைப் பொளந்துருச்சு, பாருங்க" என்றார். 8 மி.மீ. காடியை நான் அரத்தால் 10 ஆக்கியிருந்தேன். அச்சின் தட்டை முகம் அதை 12 ஆக்கியிருந்தது. இன்னும் இரண்டு மேடு ஏறியிருந்தால் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை. இந்த அளவு மோட்டார் கிளம்பும்போது 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசை தரும். அதே விசை எதிர்ப்பக்கமாக அச்சையும் முறுக்கும். அச்சின் தட்டை முகம் 10, 12 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு அகலத்தில் காடியின் ஓரங்களை 300 கிலோவுக்கு மேல் எடை வைத்து நெம்புவது போல அது. பழைய ஃபோர்க் நுனி பலதும் குழாயையே தட்டி மெலிதாக்கிச் செய்தது. பால் கேன் பாரத்தைத் தாங்கும், நெம்புவதைத் தாங்காது.

அதனால் டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் பிடிக்கும் பட்டை) இல்லாமல் ஓட்டவே கூடாது. கடையில் வாங்கலாம், லேத்திலும் செய்யலாம்: 6 மி.மீ. இரும்புப் பட்டையில், அச்சின் தட்டை முகம் ஆட்டமில்லாமல் நுழையும்படி 10 மி.மீ. காடி வெட்டி, மறுமுனையை ஃபோர்க் காலில் ஒரு சாண் மேலே கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் போதும் என்று சிலர் சொல்வார்கள். பழைய ஃபோர்க்குக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காடியை அரத்தால் பெரிதாக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் சமமாக எடுங்கள், மேல்நோக்கி ஆழப்படுத்தாதீர்கள். ஃபோர்க் காலை 92இல் இருந்து 100க்கு விரிக்கும்போதும் இரண்டு காலும் சமமாக விரிந்ததா என்று நூல் பிடித்துப் பாருங்கள். நுனியில் கரண்ட் வெல்டிங் வேண்டாம். மெல்லிய இரும்பு, வெல்டிங் ஓரத்திலேயே பிறகு விரிசல் விடும்.

சரி, அச்சு சுழலவில்லை, காடியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் உதறுகிறது என்றால் அப்போது வயருக்கு வாருங்கள். கன்ட்ரோலர் பக்கத்து கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு பின் பின்னால் தள்ளியிருக்கும், அல்லது வெப்பத்தில் கறுத்திருக்கும். கனெக்டர்களை மறுபடி மாட்டி, வண்டியை ஆன் செய்துவிட்டு, அடுத்து ஹால் சோதனை. மீட்டரின் கறுப்பை ஹால் கறுப்பிலும், சிவப்பை மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றிலும் வைத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றும் 0க்கும் 5க்கும் மாறி மாறிக் குதிக்க வேண்டும். சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கியர் வைத்த ஹப் மோட்டாரில் உள்ளே ஒரு கிளட்ச் இருக்கிறது. முன்பக்கம் சுற்றினால் உள்ளே மோட்டார் சுற்றாது, மீட்டர் அசையாது. மூன்று சென்சாரும் போய்விட்டது என்று நினைத்து நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டவர் ஒருவர் உண்டு.

தடித்த வயருக்கு மீட்டரே வேண்டாம். கன்ட்ரோலரில் இருந்து மூன்றையும் கழற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பின்னால் சுற்றுங்கள். மூன்று ஜோடிக்கும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் கனமாகவும் மற்ற இரண்டில் லேசாகவும் சுற்றினால், அந்தக் கனமான ஜோடியில் சேராத மூன்றாவது வயர் அறுந்திருக்கிறது. எதையும் சேர்க்காமலே கனமாக இருந்தால் மோட்டாருக்குள்ளோ கேபிளுக்குள்ளோ வயர் ஒட்டியிருக்கிறது. கழற்றினால் லேசு, கன்ட்ரோலரில் மாட்டினால் கனம் என்றால் கன்ட்ரோலர் போயிருக்கிறது.

மோட்டார் உள்ளே சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் சுற்றவில்லை

புதிதாகக் கட்டியது என்றால் தடித்த வயரையோ ஹால் வயரையோ வரிசை மாற்றி இணைத்திருப்பீர்கள். மோட்டார் உள்ளே பின்பக்கமாகச் சுற்றும், கிளட்ச் பிடிக்காது. மோட்டாரின் மேல் அம்புக்குறி இருக்கும், அது வண்டி போகும் பக்கம் சுற்ற வேண்டும். சக்கரத்தை இடவலம் மாற்றி மாட்டினால் வண்டி பின்பக்கம் இழுக்கும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று இப்படியானால் உள்ளே நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். மூன்று இருக்கும், மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கோவையில் பித்தளையில் வெட்டித் தர லேத்காரர்கள் இருக்கிறார்கள், வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் நைலான் தேய்வதுதான் நல்லது. மேட்டில் அதிகப் பாரம் வரும்போது முதலில் அது தேய்ந்து, விலை அதிகமான மற்ற பாகங்களைக் காப்பாற்றுகிறது. மாற்றும்போது பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு அளவாகப் புது கிரீஸ் வையுங்கள்.

பெடல் மிதித்தால் உதவி வந்து வந்து போகிறது

பெடல் அசிஸ்ட் என்பது, பெடல் அச்சில் மாட்டிய ஒரு காந்த வட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சென்சாரும்தான். வட்டுக்கும் சென்சாருக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இந்த வட்டு சதுர முனை அச்சுக்குச் செய்தது. நம் சைக்கிளில் இருப்பது காட்டர் பின் போட்ட 16 மி.மீ. உருண்டை அச்சு. பசையோ டேப்போ வைத்து ஒட்டியிருந்தால் வட்டு நழுவும். லேத்தில் ஒரு நைலான் புஷ் கடைந்து, அதன் மேல் வட்டைத் திருகுங்கள்.

வட்டு நழுவவில்லை, ஆனாலும் விட்டு விட்டு வருகிறது என்றால் பெடல் கையைப் பிடித்து இடவலம் ஆட்டிப் பாருங்கள். கப்புக்குள் பால்ரஸ் தேய்ந்திருந்தால் அச்சே ஆடும். அச்சு ஆடினால் இடைவெளி கூடும், குறையும். பால்ரஸ் மாற்றி இடதுபக்கக் கப்பைச் சரியாக இறுக்கினால் உதவியும் சீராகிவிடும். இதற்குப் போய் சென்சார் வாங்கி வாங்கி மாற்றியவர்கள் உண்டு.

மிதிக்கும்போது 'டக் டக்' என்று சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் வந்தால் அது காட்டர் பின். நட்டை மட்டும் இறுக்கினால் மரைதான் போகும். பெடல் கைக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் உள்ளே அடித்து ஏற்றிய பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி பால்ரஸில் இறங்கும்.

முன்னால் மிதித்தால் ஒன்றுமில்லை, பின்னால் மிதித்தால் மோட்டார் ஓடுகிறது என்றால் வட்டைத் திருப்பி மாட்டுங்கள்.

பாதி வழியில் பட்டென்று அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது

ஆனி, ஆடியில்தான் இந்தப் போன் அதிகம் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 20 கி.மீ. வேகத்தில் போகும் நமக்கு எதிரே 20 கி.மீ. காற்று வந்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. டபுள் பார் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு வேறு போகிறோம். என் 36 வோல்ட் 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மாசியில் 30 கி.மீ. தருகிறது, ஆடியில் பல்லடத்தில் இருந்து மேற்கே சூலூர்ப் பக்கம் போனால் 19 தாண்டுவதில்லை. திரும்பி வரும்போது மோட்டாரே தேவைப்படாது. அந்த மாதங்களில் மேற்கே போகும்போது வேகத்தை 15க்குக் குறைத்து, மிதித்துக்கொண்டே போங்கள்.

காற்றில்லாத நாளிலும் அணைகிறது என்றால் பேட்டரியை அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம். மீட்டரை மாட்டிக்கொண்டு, ஒருவர் ஓட்டி மேடேறும்போது பாருங்கள். நல்ல பேட்டரி ஒன்றிரண்டு வோல்ட்தான் இறங்கும். 38 காட்டியது 32க்கு விழுந்தால் உள்ளே ஒரு செல் வரிசை தளர்ந்துவிட்டது. 10 வரிசையில் ஒன்று தளர்ந்தாலும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) மொத்தத்தையும் நிறுத்திவிடும். பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு வரிசையில் இருந்தும் வயர் வந்து சேரும் இடம்) வரிசை வரிசையாக அளந்தால் ஒன்பது 4.1 காட்டும், ஒன்று 3.6 காட்டும். அதை மாற்றுவது லித்தியம் பேட்டரி கட்டத் தெரிந்தவர் வேலை. வீட்டில் சால்டரிங் வைத்துச் செய்யாதீர்கள். செல் சூடானால் தீப்பிடிக்கும்.

சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியை ஏற்றக் கூடாது. ஒரு மணி நேரம் நிழலில் வைத்த பிறகு போடுங்கள்.

மேட்டில் மோட்டார் தொட முடியாத அளவு சூடாகிறது

ஹப் மோட்டாருக்கு வேறு கியர் கிடையாது. 6, 7 கி.மீ. வேகத்தில் முனகிக்கொண்டு ஏறினால் பேட்டரியில் இருந்து வருவதில் பெரும்பங்கு சூடாகவே போகும். மேடு தொடங்கும் முன்னே வேகம் எடுத்து, மிதித்து 12க்குக் குறையாமல் ஏறுங்கள். மருதமலை ரோடு மாதிரியான ஏற்றத்துக்கு இது வண்டியல்ல. இறங்கித் தள்ளுங்கள். பெரிய மோட்டார் போட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 250 வாட், 25 கி.மீ. என்ற வரம்பைத் தாண்டினால் சட்டப்படி அது சைக்கிள் இல்லை, பதிவும் லைசென்ஸும் வேண்டிய வண்டி. அந்த வேகத்துக்கு இந்த ஃபோர்க்கும் பிரேக்கும் செய்யப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

20ஐத் தாண்டினால் ஹேண்டில் நடுங்குகிறது

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்டில் 'களக்' என்று ஆட்டம் தெரிந்தால் கப்பைக் கழற்றிப் பாருங்கள். பல வருஷம் நேராகவே ஓடிய சைக்கிளில் பால்ரஸ் நின்ற இடமெல்லாம் குழி விழுந்திருக்கும். கப்பும் பால்ரஸும் சேர்த்து மாற்றுங்கள். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

ஹெட் நன்றாக இருந்தால் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின் கேரியரின் மேல் கட்டினால் பாரம் உயரத்தில் இருந்துகொண்டு வாலாட்டும். பாருக்குக் கீழே, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கொண்டு வாருங்கள். டபுள் பாரில் இடம் குறைவு. நீளமான ஒல்லிப் பேட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

போக்ஸ் கம்பி அடிக்கடி அறுகிறது

32 துளை ரிம்மில் 36 துளை மோட்டாரை எப்படியோ கோத்திருந்தால் அறுகத்தான் செய்யும், அதற்கு வைத்தியம் கிடையாது. 28 இஞ்சில் 36 துளை ரிம் தேட வேண்டும். எனக்குக் கரூரில் ஒரு பழைய கடையின் பரண் மேல் கிடைத்தது, நாலு மாதம் தேடிய பிறகு. 26 இஞ்ச் ரிம் எளிதாகக் கிடைக்கிறதே என்று போட்டால், ரிம் 38 மி.மீ. கீழே போய்விடும், பிரேக் கட்டை எட்டாது.

சரியான ரிம்மிலும் நுனியில் அறுந்தால் கோத்த முறையைப் பாருங்கள். மோட்டார் வட்டம் பெரிது, கம்பி குட்டை. சாதாரண ஹப் மாதிரி மூன்று கம்பியைத் தாண்டிக் கோத்தால் நிப்பிள் அருகே கம்பி ஒடிந்த மாதிரி வளையும். ஒரு கம்பியை மட்டும் தாண்டிக் கோக்கச் சொல்லுங்கள். அளவுக்கு வெட்டி மரை போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. முதல் 50 கி.மீ. ஓட்டியதும் ஒரு தடவை கட்டாயம் கோட்டம் எடுக்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகிறது

கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில், தட்டையாகப் பட வேண்டும். ஒன்று முந்தினால் வழிகாட்டிக் கிளிப்பை நகர்த்துங்கள். குரோம் ரிம் மழையில் நனைந்தால் முதல் சுற்றுகளில் பிடியே இருக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். மழைக்காலம் முழுக்க நான் அசிஸ்ட்டை ஒன்றாம் நம்பரில்தான் வைத்திருப்பேன்.

பழைய முன் விளக்கு போட்டவுடன் பியூஸ் போகிறது

டைனமோவுக்குச் செய்த 6 வோல்ட் பல்பு அது. 36க்கு நேராகக் கொடுக்கக் கூடாது. சின்னக் கன்வெர்ட்டர் ஒன்று வைத்து இறக்கிக் கொடுங்கள். அப்புச்சியின் விளக்கு இப்போதும் எரிகிறது.

எந்த அறிகுறியும் இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது

மாதம் ஒரு தடவை முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க் தலையையும் ஹெட் லக் ஓரங்களையும் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டின் மேல் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். அதே இடத்தில் மறுபடி கசிந்தால் அது வெறும் துரு இல்லை, உள்ளே விரிசல். அன்றே மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். ஃபோர்க் என்றால் வேறு கனமான ஃபோர்க் மாற்றலாம். ஹெட் லக் என்றால் பித்தளை வைத்துப் பற்றத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவர் முடியாது என்று சொன்னால் அந்த ஃபிரேமில் மோட்டார் வேண்டாம். பொங்கலூரில் ஒரு நண்பர் அப்படிக் கழற்றிவிட்டு, மோட்டாரை வேறு ஃபிரேமுக்கு மாற்றினார். அவர் அப்பாரு (தாத்தா) வாங்கிய ஃபிரேம் இப்போது திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறது.